வளைகுடாவுக்குத் தொழிலுக்குப் போன மீனவர்கள் பற்றி ஆவணப்படம்: வெளிநாட்டுத் தயாரிப்பாளரோடு சேரும்போது எதையெல்லாம் கவனிக்கணும்?

கரைமடி கேட்டது:

கன்னியாகுமரி மாவட்டத்தில் நீரோடியில் தொடங்கி இரயுமன்துறை வரைக்கும் உள்ள எட்டு ஊர்களிலிருந்து பஹ்ரைன், சவூதி, ஈரான் பக்கம் ஒப்பந்தத்தில் மீன்பிடிக்கப் போகிறவர்கள், இங்கே காத்திருக்கும் அவர்கள் குடும்பங்கள். இதுதான் பொருள். 52 நிமிடப் படம். ஐரோப்பாவிலிருந்து ஒரு தயாரிப்பாளர் சேர்ந்திருக்கிறார், அவர் தரப்பில் ஒரு ஒளிப்பதிவாளரும் வருவதாகப் பேச்சு.

தெரிய வேண்டியவை: வினாடிக்கு 24 பிரேமா 25 பிரேமா? வெளிநாட்டு ஆளுக்கும் டிரோனுக்கும் என்ன அனுமதி? கணவர் இன்னும் அதே முதலாளியிடம் வேலை பார்க்கிறார், மனைவி இங்கே கேமரா முன்னால் பேச ஒத்துக்கொள்கிறார் என்றால் கையெழுத்து மட்டும் வாங்கினால் போதுமா? கடலோர வீடுகளில் அலைச்சத்தத்தை எப்படிச் சமாளிப்பது? வெளிநாட்டுப் பணத்தை எந்தக் கணக்கில் வாங்குவது? தயாரிப்பாளர் “ஒரு விதவையின் கண்ணீர் முதல் ஐந்து நிமிடத்தில் வரணும்” என்கிறார். அதைப் பற்றியும் சொல்லுங்கள்.

---

நெய்தல்மணல் பதில்:

மூன்றாவது கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். மற்றது தப்பினால் பணம் போகும், இது தப்பினால் ஆள் மாட்டுவார்.

கையெழுத்து போதாது. வெளிநாட்டுத் தயாரிப்பாளர் அனுப்பும் ஒப்புதல் படிவத்தில் “உலகம் முழுவதும், எல்லா ஊடகங்களிலும், காலவரையின்றி” என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். அதை அப்படியே தமிழில் வாசித்துக் காட்டுவதில் பயனில்லை. “இந்தப் படத்தை பஹ்ரைனில் உங்க வீட்டுக்காரரோட முதலாளி போனில் பார்க்கலாம். பார்த்தா என்ன ஆகும்?” என்று நேரடியாகக் கேளுங்கள். பதிலைக் கேமராவில் பதிவு செய்யுங்கள். முகம், பெயர், குரல் மூன்றுக்கும் தனித்தனியாகச் சம்மதம் வாங்குங்கள். குரலுக்குச் சரி, முகத்துக்கு வேண்டாம் என்று சொல்ல அவருக்கு இடம் இருக்க வேண்டும். கணவரிடமும் போனில் தனியாகக் கேட்க வேண்டும், மனைவி கேட்டுச் சொன்னால் அது கணக்கில் வராது. முதல் வெட்டு தயாரானதும் அவர்கள் பகுதியைப் போட்டுக் காட்டி இரண்டாம் முறை சம்மதம். படம் பூட்டப்படும்வரை (இனி மாற்றமில்லை என்று எடிட் முடியும்வரை) விலகிக்கொள்ளலாம் என்ற வரியைப் படிவத்திலும், தயாரிப்பாளரோடு போடும் ஒப்பந்தத்திலும் சேர்த்து எழுதுங்கள். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாவிட்டால் அந்த வரி செல்லாக்காசு.

பங்குத்தந்தையையும் பங்குப்பேரவையையும் முதலில் பார்த்துவிடுங்கள். ஞாயிறு திருப்பலி முடிந்து ஓர் அறிவிப்பு வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் அது ஊருக்குள் நுழைய அனுமதி, அவ்வளவுதான். பங்குத்தந்தை சொல்லிவிட்டார் என்பதற்காக மட்டும் பேசுகிற பெண் உண்மையில் சம்மதித்தவர் இல்லை. மாமியாரும் நாத்தனாரும் நடுவீட்டில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டால் வரும் பதிலும் வேறு, தனியாகக் கேட்டால் வரும் பதிலும் வேறு.

முகம் மறைக்க வேண்டிய ஆள் என்றால் படம்பிடிக்கும்போதே ஜன்னலுக்கு எதிராக உட்கார வைத்து நிழலாகவே எடுங்கள். பிறகு மங்கலாக்கிக்கொள்ளலாம் என்று விட்டால் மூலக் கோப்பில் முகம் தெளிவாக இருக்கும், அந்த வட்டு எங்கே போகும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. மங்கலாக்கினாலும் காட்டிக்கொடுப்பது வேறு பொருள்கள்: சுவரில் மாட்டிய கல்யாணப் படம், வாசல் கேட்டின் நிறம், படகின் பதிவெண், பக்கத்து வீட்டுக் கோழிக்கூடு. ஒரே தெருவில் எல்லோரும் சொந்தக்காரர்களாக இருக்கும் ஊரில் குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். குரலை மென்பொருளில் கனமாக்குவதும் பாதுகாப்பில்லை, அதைத் திருப்பி எடுக்க முடியும். சொன்னதை எழுதி வேறொரு ஆளை வைத்துப் பேசவையுங்கள், அப்படிச் செய்ததாகத் திரையில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

இன்னொன்று: அங்கே இருப்பவரிடம் “நீங்களே போட்டில் நாலு காட்சி எடுத்து அனுப்புங்க” என்று சொல்லாதீர்கள். துறைமுகத்தையும் கடல் எல்லையையும் படம் எடுப்பது அந்தப் பக்கம் வழக்கில் முடியும். அவர் ஏற்கனவே தன் வீட்டுக்கு அனுப்பிய காட்சி இருந்தால், எடுத்தவர் என்ற முறையில் அவரிடமே எழுத்தில் உரிமை வாங்குங்கள். வாட்ஸ்அப் குழுவில் வந்ததால் அது யாருக்கும் சொந்தமில்லை என்று ஆகிவிடாது.

கண்ணீர் பற்றி: ஒகி புயல் நேரத்தில் இந்தக் கரையில் எடுத்த அழுகைக் காட்சிகள் உலகம் முழுக்க ஓடிவிட்டன. தயாரிப்பாளருக்கு அது புதிதாக இருக்கலாம், திரைப்பட விழாவில் தேர்வு செய்கிறவருக்கு இல்லை. ஐந்து நிமிடக் கணக்குக்கு ஒத்துக்கொண்டால் அவர் அடுத்து இசையையும் முடிவு செய்வார். கடைசி வெட்டு, அதாவது படத்தின் இறுதி வடிவம், யார் கையில் என்பதை முன்பணம் வருவதற்கு முன்பே எழுதிவிடுங்கள்.

---

குமரிஒலி பதில்:

25 பிரேம், ஷட்டர் 1/50. இதில் யோசிக்க எதுவும் இல்லை. நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஐரோப்பியத் தொலைக்காட்சியும் 25. பஹ்ரைனும் 50 ஹெர்ட்ஸ்தான். ஆனா சவூதி 60. அங்கே டியூப்லைட் கீழே எடுக்க நேர்ந்தா ஷட்டரை மட்டும் 1/60 ஆக்கணும், பிரேமை மாத்த வேண்டாம். வெளிநாட்டு ஒளிப்பதிவாளர் 24-ல்தான் எடுப்பேன்னு பிடிவாதம் பிடிச்சா ஷட்டர் கோணத்தை 172.8 டிகிரி வைக்கச் சொல்லுங்க, அப்போ இங்கே விளக்கு மினுங்காது.

கடற்கரை வெளிச்சத்துக்கு 1/50 ஷட்டரே ஒரு தொல்லை. மதியம் ஐஎஸ்ஓ 800, எஃப் 5.6 வச்சா ஏழு ஸ்டாப் என்டி (வெளிச்சத்தைக் குறைக்கிற கண்ணாடி) வேணும், வெள்ளை மணல் சேர்ந்தா எட்டு. பல கேமராவில் உள்ளேயே இருக்கிற என்டி ஆறு ஸ்டாப்போட நின்னுடும். எஃப் 8-க்குப் போங்க, இல்லேன்னா முன்னால தனியா ஒண்ணு மாட்டுங்க. லென்ஸைக் கரையில் நின்னு மாத்தாதீங்க. உப்புப் படிஞ்சதைக் காய்ஞ்ச துணியால தேய்ச்சா கீறல் விழும், முதல்ல நல்ல தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச துணி, அப்புறம்தான் காய்ஞ்சது. ஏசி அறையிலிருந்து எடுத்ததும் பையைத் திறக்காம அரை மணி நேரம் வெளியே வைங்க. திறந்தா சென்சார் வரைக்கும் ஆவி கட்டும்.

ஒலிக்கு வருவோம். கடலோரக் கல்சுவருக்கு உள்பக்கம் இருக்கிற வீட்டில் அலைச்சத்தம் நிக்கவே நிக்காது. அதை முழுசா நீக்கணும்னு முயற்சி பண்ணாதீங்க, பேச்சுக்குக் கீழே அமுக்கினா போதும். பேசுறவர் முதுகு வீட்டோட உள்சுவர்ப் பக்கம், பூம் மைக்கோட வால் கடல் பக்கம். 80-100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டுற வடிகட்டியை ஒலிப்பதிவுக் கருவியிலேயே போட வேண்டாம், பின்னாடி போட்டுக்கலாம். 32 பிட் ஃப்ளோட் பதிவுக் கருவி இருந்தா அழுகையிலும் கத்தலிலும் ஒலி உடையாது. நைட்டி, நைலான் சேலை ரெண்டும் காலர் மைக்குக்கு எதிரி. ஆஸ்பத்திரி டேப்பை முக்கோணமா மடிச்சு மைக்குக்கு ரெண்டு பக்கமும் ஒட்டி, துணி மைக்கைத் தொடாம நிறுத்துங்க. ஒயரை ஒரு சுத்து விட்டு இன்னொரு டேப். தரையில் டைல்ஸ் போட்ட அறைன்னா கேமராவுக்குப் பின்னால ரெண்டு கம்பளியைத் தொங்கவிடுங்க.

ஃபேனும் ஃப்ரிட்ஜும் நிறுத்தணும். நிறுத்தின ஃப்ரிட்ஜுக்குள்ளே வண்டிச் சாவியை வச்சுடுங்க. திரும்பப் போடாம கிளம்பவே முடியாது, அந்த வீட்டு மீனும் கெடாது. கோயில் மணி, ஜெபமாலை, ஒலிபெருக்கி அறிவிப்பு எப்பெப்போன்னு உபதேசியாரிடம் முதல் நாளே கேட்டு வைங்க. பின்னால சினிமாப் பாட்டு ஓடினா நிறுத்தச் சொல்லுங்க. பேட்டிக்கு நடுவுல நாலு வரி கேட்டாலும் வெளிநாட்டு ஒளிபரப்புக்கு உரிமை கேட்பாங்க. அறையின் வெறுஞ்சத்தத்தை ஒரு நிமிஷம் பதிவு பண்ணுங்க, எல்லா இடத்திலும்.

ராத்திரி வீடியோ கால் இந்தப் படத்தோட உயிர்னு நினைக்கிறேன், அதனால இதைக் கொஞ்சம் விரிவா. போன் திரை புதுப்பிக்கிற வேகம் 60 அல்லது 120 ஹெர்ட்ஸ். 1/50-ல் எடுத்தா திரையில் பட்டை ஓடும், அந்த ஷாட்டுக்கு மட்டும் 1/60. திரை வெளிச்சத்தைப் பாதியாக் குறைங்க, இல்லேன்னா அவங்க முகம் இருட்டாகி திரை வெள்ளையா எரியும். அவர் குரல் போன் ஸ்பீக்கரில் வர்றதைத் தனி மைக்கில் பிடிங்க, அந்தக் கரகரப்பும் இடைவெளியும் அப்படியே இருக்கட்டும். திரை மேல அழைக்கிறவர் பெயரும் எண்ணும் தெரியும். அழைப்பு வர்றதுக்கு முன்னாடியே அந்தப் பெயரை மாத்திச் சேமிக்கச் சொல்லிடுங்க.

சேமிப்பு: 4கே, வினாடிக்கு 100 மெகாபிட் என்றால் மணிக்கு 45 ஜிபி. அறுபது மணி நேரம் எடுத்தா 2.7 டெராபைட், மூணு பிரதிக்கு 8.1. ஒரு பிரதி வேற ஊர்ல இருக்கணும். இழுத்துப் போட்டு நகல் எடுக்காதீங்க, செக்சம் பார்க்கிற (நகல் மூலத்தோட அப்படியே ஒத்துப்போகுதான்னு சரிபார்க்கிற) மென்பொருள் வச்சு எடுங்க. நெய்தல்மணல் சொன்ன மாதிரி ஆட்களுக்கு ஆபத்து உள்ள படம், வட்டுகளைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டுங்க, கோப்புப் பெயரில் ஆள் பெயர் வேண்டாம்.

---

தேங்காப்பட்டணம் காற்று பதில்:

அனுமதி விஷயம்.

வெளிநாட்டு ஒளிப்பதிவாளர் சுற்றுலா விசாவில் வந்து படம் எடுக்கக் கூடாது. ஆவணப்படம் என்றால் அவர் நாட்டில் உள்ள இந்தியத் தூதரகம் வழியாக வெளியுறவு அமைச்சகத்துக்கு விண்ணப்பம் போகும்: கதைச் சுருக்கம், இடங்களின் பட்டியல், குழுவினரின் பாஸ்போர்ட் விவரம், கருவிகளின் பட்டியல். இடங்களை எழுதும்போது “கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை” என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல் ஊர் ஊராக எழுதுங்கள். பட்டியலில் இல்லாத ஊரில் நின்றால் காவல்நிலையத்தில் பேச ஒன்றும் இருக்காது. கதைச் சுருக்கமும் நிஜமாக இருக்கட்டும். “கடலோரக் கலாச்சாரம்” என்று எழுதிவிட்டு சிறைப்பட்ட மீனவர் வீட்டில் கேமரா வைத்தால் அடுத்த முறை விசா கிடைக்காது, இங்கே கூட இருந்தவர்தான் பதில் சொல்ல வேண்டி வரும்.

என்னைக் கேட்டால் ஒளிப்பதிவுக்கு இங்குள்ள ஆளே போதும். அந்த அம்மா நைட்டியோடு அடுப்படியில் நிற்கும்போது ஒரு வெள்ளைக்காரர் கேமராவோடு நின்றால் தெருவே வாசலுக்கு வந்துவிடும்.

டிரோனை அவர் பெட்டியில் போட்டுக் கொண்டுவர முடியாது. 2022 பிப்ரவரி 9 முதல் டிரோன் இறக்குமதிக்குத் தடை இருக்கிறது, ஆராய்ச்சி, பாதுகாப்புத் துறைகளுக்கு மட்டும் விலக்கு. பதிவெண்ணும் சான்றிதழும் உள்ள உள்ளூர் ஆளை வாடகைக்கு எடுங்கள். 2021 டிரோன் விதிகளின்படி, டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதள வரைபடத்தில் பச்சைப் பகுதியாக இருந்தால் 120 மீட்டர் உயரம் வரை பறக்கலாம். மஞ்சள், சிவப்பு என்றால் முன் அனுமதி. வரைபடம் மாறும், பறக்கும் அன்று காலையில் பாருங்கள். கடற்காற்றில் போகும்போது வேகமாகப் போகும், திரும்பும்போது பேட்டரி தின்னும். காற்றை எதிர்த்து முதலில் அனுப்பி, பேட்டரி பாதி ஆனதும் திருப்பிவிடுங்கள்.

அவரிடம் மறக்காமல் கேட்க வேண்டியது: பெட்டியில் சாட்டிலைட் போன் இருக்கிறதா? துரயா, இரிடியம் இரண்டையும் அனுமதியில்லாமல் இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம். மலையேறுகிறவர்கள் இடுப்பில் மாட்டும் கார்மின் இன்ரீச்சும் இதில் அடக்கம். கடல் படம் என்று ஆர்வத்தில் கொண்டுவருவார்கள், விமான நிலையத்திலேயே பிடிபடுவார்கள். பேட்டரி 100 வாட் மணிக்குள் இருந்தால் கைப்பையில் கேள்வியில்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவன ஒப்புதலோடு இரண்டு. கருவிகளுக்கு ஏடிஏ கார்னே (தற்காலிகமாகக் கொண்டுவரும் பொருளுக்கான சுங்க ஆவணம்) எடுத்துவரச் சொல்லுங்கள், வரிசை எண் ஒன்று மாறினாலும் சுங்கத்தில் நிற்க வேண்டும்.

துறைமுகத்துக்குள் எடுக்க மீன்வளத் துறையில் கடிதம். படகில் ஏறுவதென்றால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள், வெளிநாட்டு ஆள் படகில் இருந்தால் கட்டாயம். தேங்காப்பட்டணம் முகத்துவாரத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கேமராவோடு போக வேண்டாம். அந்த வாயில் அலை உடையும் இடத்தில் படகு கவிழ்ந்து ஆட்கள் போயிருக்கிறார்கள்.

மாதம் பார்த்துத் திட்டமிடுங்கள். மேற்குக் கரையில் மீன்பிடித் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தங்கல் தொழிலுக்கு (பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிப்பது) கொச்சி பக்கம் போகிற ஆண்கள் அப்போதுதான் ஊரில் இருப்பார்கள், வளைகுடாவில் இருந்து திரும்பியவர்களும் அவர்களில் உண்டு. பேட்டிக்கு அதுவே நல்ல நேரம். சின்னமுட்டத்தில் தடை வேறு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒரே மாவட்டத்தில் இரண்டு கணக்கு என்பது தயாரிப்பாளருக்குப் புரியாது, அட்டவணையில் எழுதிக் கொடுங்கள்.

---

ஏட்டுக்கணக்கு பதில்:

பணம் பற்றி சுருக்கமாக. கூட்டுத் தயாரிப்பாளர் தரும் தொகையைச் சேவைக்கான கட்டணமாக ஒப்பந்தம் போட்டு, உங்கள் நிறுவனத்தின் பெயரில் விலைச்சீட்டு எழுதி நடப்புக் கணக்கில் வாங்குங்கள். வங்கியில் அந்நியச் செலாவணி வரவுச் சான்று கேட்டு வாங்கி வையுங்கள். ஜிஎஸ்டி-யில் இது ஏற்றுமதி ஆகுமா என்பதை ஒப்பந்த வாசகத்தைக் காட்டி ஆடிட்டரிடம் கேளுங்கள். ஆகும் என்றால் எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதத்தை முன்கூட்டியே போட வேண்டும்.

நிதியுதவியாக, அதாவது கிராண்டாக வந்தால் கதை வேறு. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வந்துவிடும். பதிவோ முன் அனுமதியோ பெற்றவர்களுக்கு மட்டுமே, அதுவும் டெல்லியில் உள்ள எஸ்பிஐ கிளைக் கணக்கில்தான் முதலில் இறங்க வேண்டும். “எங்கள் அறக்கட்டளை வழியாக வாங்கி உங்களுக்குத் தருகிறோம்” என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு ஓர் அமைப்பு வாங்கியதை இன்னொருவருக்கு மாற்றித் தர முடியாது. ஒளி-ஒலி வடிவில் செய்தி, நடப்பு நிகழ்ச்சி தயாரிக்கும் நிறுவனங்கள் பங்களிப்பு வாங்கவே அந்தச் சட்டத்தில் தடை. ஒப்பந்தத்தில் படத்தை எந்தச் சொல்லால் விவரிக்கிறீர்கள் என்பது இங்கே முக்கியம்.

---

கரைமடி:

எல்லோருக்கும் நன்றி. பேசுகிறவர்களுக்குப் பணம் கொடுக்கலாமா? தயாரிப்பாளர் கூடவே கூடாது என்கிறார். ஊரில் “படம் எடுத்து நீங்க சம்பாதிப்பீங்க, எங்களுக்கு என்ன” என்று நேராகவே கேட்கிறார்கள். அப்புறம், ஆராய்ச்சிக்கு ஆதாரம் எங்கே எடுப்பது?

---

தேங்காப்பட்டணம் காற்று:

கொடுக்கக் கூடாது. ஒருவருக்குக் கொடுத்தால் அடுத்த வீட்டில் கதை பெரிதாகும். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பிய ஏஜெண்ட் மேல் வழக்கு நடந்தால் “பணம் வாங்கிப் பேசினார்” என்று எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் எடுப்பார்.

---

நெய்தல்மணல்:

பேச்சுக்குப் பணம் கூடாது, சரி. ஆனால் இழப்பைக் கொடுக்காமல் இருப்பது அதைவிட மோசம். உங்களுக்காக ஒரு வள்ளம் தொழிலுக்குப் போகாமல் நின்றால் எரிபொருள், படகுப் பங்கு, ஆட்களின் அன்றைய பங்கு எல்லாம் சேர்த்துப் படகு வாடகை என்று ரசீது போட்டுக் கொடுங்கள். மீன் விற்கப் போகிற பெண் அரைநாள் உட்கார்ந்தால் அன்றைய வரும்படி. தொகை எல்லோருக்கும் ஒன்று, பட்ஜெட்டில் தனி வரி, பேட்டிக்கு முன்பே அறிவித்தது. இப்படி எழுதினால் ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் ஒத்துக்கொள்வார்கள், மறுப்பது தலைப்பில்லாத பணத்தைத்தான்.

ஆதாரம்: வெளிநாட்டில் பிடிபட்ட மீனவர் எண்ணிக்கை நாடாளுமன்றக் கேள்வி-பதில்களில் நாடு வாரியாக வரும், மக்களவை இணையதளத்தில் தேடலாம். அதில் இல்லாததைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். ஈரான் தனிக்கதை. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களுக்குக் குடியேற்ற அனுமதி கட்டாயமான 18 நாடுகளின் பட்டியலில் பஹ்ரைனும் சவூதியும் உண்டு, ஈரான் இல்லை. அதனால் அங்கே போகிறவர்களுக்கு அந்தச் சோதனையும் இல்லை, அந்தப் பதிவும் இல்லை. 2020 கொரோனாவில் அங்கே சிக்கியவர்களை ஐஎன்எஸ் ஜலாஷ்வா தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தபோதுதான் இவ்வளவு பேர் அங்கே இருந்தது வெளியே தெரிந்தது. மீன்பிடித் தொழிலாளர்களுக்கென்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 188ஆம் உடன்படிக்கை 2007இல் ஏற்கப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா இன்னும் ஏற்கவில்லை. எழுத்தில் ஒப்பந்தம், ஊர் திரும்பும் செலவு எல்லாம் அதில் இருக்கிறது. தயாரிப்பாளரின் ‘முதல் ஐந்து நிமிட’த்துக்கு இதைக் கொடுங்கள்: ஒப்பந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, அதில் அரபியில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்க்கும் ஒரு ஆள். அழுகை தேவைப்படாது.

---

குமரிஒலி:

ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு. போனில் எடுத்த காட்சிகள் மாறும் பிரேம் வேகத்தில் இருக்கும். நேரா டைம்லைனில் போட்டா பத்து நிமிஷத்தில் உதடும் குரலும் விலகும். ஹேண்ட்பிரேக் மென்பொருளில் நிலையான 25-க்கு மாத்திட்டு எடிட்டுக்குக் கொண்டுவாங்க. வாட்ஸ்அப்பில் வந்த பிரதி வேண்டாம், எடுத்த போனிலிருந்தே மூலக் கோப்பை வாங்குங்க. வாட்ஸ்அப் படத்தை நசுக்குறதோட, எடுத்த தேதி, இடம் எல்லாத்தையும் அழிச்சுடும். அப்புறம் அது எந்த வருஷம், எந்தக் கடல்னு நிரூபிக்க வழியில்ல. மாத்தின பிரதியை மட்டும் எடிட்டருக்குக் கொடுங்க, மூலம் உங்க பூட்டின வட்டிலேயே இருக்கட்டும், அதில் இடக்குறிப்பு இருக்கு.

மொழிபெயர்ப்பைச் சென்னையில் கொடுக்காதீங்க. தூத்தூர்ப் பக்க (இந்த எட்டு ஊர்ப் பகுதி) பேச்சில் மலையாளமும் கடல்தொழில் சொல்லும் கலந்து வரும், அவங்க ஊகிச்சு எழுதுவாங்க. அந்த ஊர்ப் பட்டதாரி ஒருத்தரை வச்சு டைம்கோடோட (காட்சி வர்ற நேரக் குறிப்போட) தமிழில் எழுத வைங்க. ஒரு மணி நேரக் காட்சிக்கு ஒரு முழு நாள் கணக்கு வச்சுக்கோங்க. அதுக்கு அப்புறம்தான் ஆங்கிலம். சப்டைட்டில் வரிக்கு 42 எழுத்து, ரெண்டே வரி. நம்ம ஆட்கள் பேசுற வேகத்துக்குப் பாதியை விட வேண்டி வரும், எதை விடுறதுங்கிறதை அந்தப் பட்டதாரியும் நீங்களும் சேர்ந்து முடிவு பண்ணுங்க, எடிட்டர் தனியா வேண்டாம்.